நான்-பிளாக்கிங் சர்வர் மெதுவானால்: லினக்ஸில் அறிகுறி வாரியாகப் பிழை நீக்கும் வழிமுறை

சாக்கெட்டை (நெட்வொர்க் இணைப்பின் முனை) நான்-பிளாக்கிங் ஆக்கிவிட்டால், அதாவது டேட்டா இல்லாதபோது நிற்காமல் உடனே திரும்பச் செய்தால், காத்திருப்பு ஒழிந்தது என்ற நம்பிக்கையில்தான் பலரும் ஈபோலுக்கு (பல இணைப்புகளில் எது தயார் என்று சொல்லும் லினக்ஸ் வசதி) மாறுகிறார்கள். காத்திருப்பு எங்கும் போவதில்லை. முன்பு த்ரெட் கர்னலுக்குள் தூங்கியபடி காத்திருந்தது. இப்போது நிரல் "டேட்டா வந்ததா, பஃபரில் இடம் இருக்கிறதா" என்று கேட்டுக் கேட்டு வேலை செய்கிறது. அந்தக் கேள்வி ஒவ்வொன்றும் ஒரு சிஸ்டம் கால், அதாவது நிரல் கர்னலுக்கு விடும் ஒரு அழைப்பு. கேள்விகளை அடக்கி வைத்தால் ஒரே ப்ராசஸ் பல்லாயிரம் இணைப்புகளைத் தாங்கும். அடக்காவிட்டால், பழைய த்ரெட் நிரலே தேவலை என்று ஆகிவிடும்.

கீழே உள்ளவை லினக்ஸ், டிசிபி, ஈபோல் என்ற சூழலுக்கானவை. நோட், எஞ்சின்எக்ஸ், கோ என எதில் எழுதினாலும் அடியில் ஓடுவது இதே ஈபோல்தான் என்பதால் அறிகுறிகள் பொருந்தும். சரிசெய்யும் இடம் மட்டும் மாறும்.

எதற்கும் முன்னால்: எண்ணிப் பாருங்கள்

அறிகுறி எதுவானாலும் முதலில் தெரிய வேண்டியது ஒன்றுதான்: எந்தச் சிஸ்டம் கால் எத்தனை முறை போகிறது, அதில் எத்தனை வெறுங்கையோடு திரும்புகிறது. ப்ராசஸ் எண் 4127 என்று வைத்துக்கொள்வோம். சிஸ்டம் கால்களைக் கண்காணிக்கும் ஸ்ட்ரேஸ் கருவியை இப்படி ஓட்டுங்கள்:

ஸ்ட்ரேஸ் -சி -எஃப் -பி 4127

பத்து விநாடி ஓடவிட்டு கன்ட்ரோல்-சி அழுத்துங்கள். அட்டவணையில் எண்ணிக்கை, பிழை என்ற இரண்டு பத்திகள் மட்டும் போதும். உதாரணத்துக்கு, இப்படி வந்தால்:

ஈபோல் வெயிட்: 41,150 முறை, பிழை 0
ரீட்: 82,300 முறை, பிழை 41,150
ரைட்: 41,150 முறை, பிழை 0
ஈபோல் சிடிஎல்: 82,300 முறை, பிழை 0

ரைட்டின் எண்ணிக்கைதான் ஏறத்தாழ பதில்களின் எண்ணிக்கை. அதை வைத்து மற்றவற்றை வகுத்தால், ஒரு கோரிக்கைக்கு ஒரு வெயிட், இரண்டு ரீட், ஒரு ரைட், இரண்டு சிடிஎல் (ஈபோலில் இணைப்பைச் சேர்க்க, மாற்ற, நீக்க): மொத்தம் ஆறு. பிளாக்கிங் நிரல் இதே வேலையை ஒரு ரீட், ஒரு ரைட் என்று இரண்டில் முடித்துவிடும். ரீட்டில் பாதி பிழை என்பது "இப்போது எதுவும் இல்லை, பிறகு வா" என்று கர்னல் சொல்லும் ஈஅகெய்ன், லினக்ஸில் பிழை எண் 11. பிழையாக எண்ணப்பட்டாலும் அது கோளாறல்ல. ஆனால் ஒவ்வொன்றுக்கும் கர்னலுக்குள் போய் வந்த செலவு உண்டு.

ஒரு எச்சரிக்கை. ஸ்ட்ரேஸ் ஒவ்வொரு சிஸ்டம் காலுக்கும் ப்ராசஸை இரண்டு முறை நிறுத்தும், உள்ளே போகும்போதும் வெளியே வரும்போதும். சிஸ்டம் கால் அதிகமுள்ள நிரலை அது நடக்கவே விடாது. பயனர்கள் இருக்கும் சர்வரில் பெர்ஃப் ட்ரேஸை -எஸ் விருப்பத்தோடு ஓட்டுங்கள்; அதே எண்ணிக்கை மிகக் குறைந்த சுமையில் கிடைக்கும். ஸ்ட்ரேஸ் போட்டபோது எடுத்த நேர அளவை எந்த நிலையிலும் நம்ப வேண்டாம், எண்ணிக்கையை நம்பலாம்.

"ட்ராஃபிக்கே இல்லை, ஆனால் ஒரு கோர் 100 சதவீதம்"

இதுதான் அதிகம் வரும் புகார். ஈபோல் வெயிட் தூங்க வேண்டிய நேரத்தில் உடனே திரும்புகிறது என்று பொருள். ஏன் திரும்புகிறது என்பதற்குக் குறைந்தது ஐந்து காரணங்கள் உண்டு. -சி இல்லாமல் ஸ்ட்ரேஸை ஒரு விநாடி ஓட்டி, திரும்பத் திரும்ப வரும் வரிகளைப் பார்த்தால் எது என்று பிடிபடும்.

ஈபோல் வெயிட் மட்டுமே வரிசையாக வருகிறது, ஒவ்வொன்றிலும் ஈபோல்-அவுட் (எழுதலாம்) நிகழ்வு இருக்கிறது என்றால், இணைப்பைச் சேர்க்கும்போதே ஈபோல்-இன் (படிக்கலாம்), ஈபோல்-அவுட் இரண்டையும் கேட்டிருக்கிறீர்கள். லெவல் ட்ரிகர் முறையில் (நிலை நீடிக்கும்வரை நிகழ்வு தரும் இயல்பு முறை), அனுப்பு பஃபரில் இடம் இருக்கும்வரை ஈபோல்-அவுட் வந்துகொண்டே இருக்கும். சும்மா இருக்கும் சாக்கெட்டில் எப்போதும் இடம் இருக்கும். ஸ்ட்ரேஸே இல்லாமல் இதைப் பார்க்க ஒரு வழி: ப்ராக் அடைவில் அந்த ப்ராசஸ் எண்ணுக்குள் எஃப்டிஇன்ஃபோ என்று ஒரு அடைவு இருக்கும். அதில் ஈபோலின் சொந்த எஃப்.டி. எண் (திறந்த கோப்பு அல்லது சாக்கெட்டுக்குக் கர்னல் தரும் எண்) பெயருள்ள கோப்பைத் திறந்தால், கண்காணிக்கப்படும் ஒவ்வொரு சாக்கெட்டுக்கும் ஒரு வரி. அதில் நிகழ்வு முகமூடி பதினாறடி எண்ணில் இருக்கும். 19 என்றால் படிக்க மட்டும் காத்திருக்கிறது. 1டி என்றால் எழுதவும் காத்திருக்கிறது. (பிழை, துண்டிப்பு ஆகிய இரண்டு பிட்களைக் கர்னல் தானே சேர்த்துக்கொள்வதால்தான் வெறும் 1, 5 என்று இல்லாமல் 19, 1டி என்று தெரிகிறது.) ஓய்வில் இருக்கும் சர்வரில் வரிக்கு வரி 1டி என்றால் காரணம் கிடைத்துவிட்டது. ஈபோல்-அவுட்டை ரைட் ஈஅகெய்ன் தந்த பிறகு மட்டும் சேருங்கள், மிச்சம் போய்ச் சேர்ந்ததும் எடுத்துவிடுங்கள்.

ஈபோல் வெயிட், அக்செப்ட் (புதிய இணைப்பை ஏற்கும் கால்), ஈஎம்ஃபைல் பிழை என்ற மூன்றும் சுற்றிச் சுற்றி வந்தால், எஃப்.டி. வரம்பு தீர்ந்துவிட்டது. வரிசையில் நிற்கும் இணைப்பை எடுக்கவும் முடியவில்லை, விடவும் முடியவில்லை. கேட்கும் சாக்கெட் தயார் என்றே காட்டிக்கொண்டிருக்கும். பல விநியோகங்களில் மென்வரம்பு இன்னும் 1024தான். சிஸ்டம்டி சேவைக் கோப்பில் லிமிட்நோஃபைல் அளவை உயர்த்துவது முதல் படி. ஆனால் அதோடு விடாதீர்கள், வரம்பு எவ்வளவு உயர்ந்தாலும் ஒருநாள் முட்டும். எஞ்சின்எக்ஸ் இந்த நிலையில் அக்செப்ட் நிகழ்வையே சிறிது நேரம் அணைத்து வைக்கிறது. இயல்பாக 500 மில்லி விநாடி. கோவின் எச்டிடிபி சர்வர் 5 மில்லி விநாடியில் தொடங்கி இரட்டித்து 1 விநாடிவரை தூங்குகிறது. சொந்த நிரலில் இன்னொரு உத்தியும் உண்டு: தொடக்கத்திலேயே டெவ்-நல்லைத் திறந்து ஒரு எஃப்.டி.யை ஒதுக்கி வையுங்கள். ஈஎம்ஃபைல் வந்ததும் அதை மூடி, அந்த இடத்தில் இணைப்பை எடுத்து, உடனே மூடி, டெவ்-நல்லை மறுபடி திறந்துகொள்ளுங்கள். வாடிக்கையாளருக்கு இணைப்பு மூடப்பட்டது என்றாவது உடனே தெரியும். பல த்ரெட்கள் எஃப்.டி. திறக்கும் நிரலில் நடுவில் வேறொரு த்ரெட் அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளலாம், கவனம்.

ரீட் பூஜ்யம் தருவதும் மறுபடி வெயிட்டுக்குப் போவதுமாக இருந்தால், எதிர்முனை மூடிவிட்டது, நீங்கள் மூடவில்லை. பூஜ்யத்தை "இன்னும் வரவில்லை" என்று எடுத்துக்கொண்ட நிரல் இது. இதன் உடன்பிறப்பு, டைமரையும் அறிவிப்பையும் எஃப்.டி.யாகத் தரும் டைமர்எஃப்டி, ஈவன்ட்எஃப்டி ஆகியவற்றில் வரும்: நிகழ்வு வந்த பின் அதிலுள்ள எட்டு பைட்டைப் படிக்காமல் விட்டால் அது தயார் என்றே நின்றுகொண்டிருக்கும்.

வெயிட்டின் நேர வரம்பு பூஜ்யமாகவே போகிறது, நிகழ்வும் எதுவும் இல்லை என்றால் டைமர் கணக்கில் தவறு. அடுத்த டைமருக்கு 0.4 மில்லி விநாடி பாக்கி; முழு எண்ணாக வெட்டினால் 0; அந்த 0.4 மில்லி விநாடியும் லூப் வெறிபிடித்துச் சுற்றும். அடுக்கடுக்காக டைமர் உள்ள சர்வரில் இது கணிசமான சிபியு. மேல்நோக்கி முழுமையாக்குங்கள். அதைவிட நுணுக்கம் வேண்டுமானால் கர்னல் 5.11 முதல் ஈபோல் பிவெயிட்2 நானோ விநாடிக் கணக்கை ஏற்கும்.

ஐந்தாவது கொஞ்சம் பேய்க்கதை. மூடிவிட்ட எஃப்.டி.க்கு நிகழ்வு வந்துகொண்டே இருக்கும். சிடிஎல் மூலம் நீக்கப் போனால் ஈபேட்எஃப் (அப்படி எஃப்.டி. இல்லை என்ற பிழை). ஈபோல் பிடித்து வைத்திருப்பது எஃப்.டி. எண்ணை மட்டுமல்ல, அதற்கு அடியிலுள்ள திறந்த கோப்பு விவரத்தையும் சேர்த்து. ஃபோர்க் (ப்ராசஸை நகலெடுத்தல்) செய்த குழந்தை ப்ராசஸிடம் அதன் நகல் இருந்தால் உங்கள் க்ளோஸ் எதையும் மூடுவதில்லை. மேலே சொன்ன எஃப்டிஇன்ஃபோ பட்டியலில் உள்ள ஒரு எண், எஃப்டி அடைவில் இல்லாமல் போனால் இதுதான். மூடுவதற்கு முன் சிடிஎல் மூலம் நீக்குங்கள். சாக்கெட்டை உருவாக்கும்போதே க்ளோஸ்-ஆன்-எக்ஸெக் (வேறு நிரலை இயக்கும்போது தானே மூடும்) கொடியைப் போடுங்கள். பேய் ஏற்கெனவே வந்துவிட்டால், ஈபோலையே மூடிப் புதிதாகக் கட்டுவதைத் தவிர வழியில்லை.

"த்ரெட் வெர்ஷனைவிட மெதுவாகிவிட்டது"

டாப்பில் எஸ்ஒய் (கர்னல் நேரம்) பங்கு யூஎஸ் (நிரலின் சொந்த நேரம்) பங்கைவிட அதிகமாக இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், மேலே செய்த கணக்கில் ஒரு கோரிக்கைக்கு எத்தனை சிஸ்டம் கால் என்பதைக் குறைப்பதுதான் வேலை.

முதலில், பதில் தயாரானதும் ஈபோல்-அவுட் கேட்டு, லூப் சுற்றி வந்து, அப்புறம் எழுதும் பழக்கத்தை விடுங்கள். நேரே ரைட் செய்யுங்கள். சிறிய பதில்கள் ஏறக்குறைய எப்போதும் ஒரே ரைட்டில் போய்விடும். இதனால் இரண்டு சிடிஎல்லும், எழுதுவதற்காகக் கூடுதலாக வரும் வெயிட்டும் மிச்சம். மொத்தப் பட்டியலில் பெரிய லாபம் இதுதான்.

அடுத்து வெறும் ரீட். எட்ஜ் ட்ரிகரில் (நிலை மாறும்போது மட்டும் நிகழ்வு தரும் முறை) ஈஅகெய்ன் வரும்வரை படிக்க வேண்டும் என்று எல்லா இடத்திலும் எழுதியிருக்கும். டிசிபி போன்ற ஸ்ட்ரீம் சாக்கெட்டில் அது அவசியமில்லை: 16,384 பைட் கேட்டு 300 வந்தால் பஃபர் காலி என்று பொருள், ஈபோலின் கையேடே இதைச் சொல்கிறது. கேட்ட அளவு முழுதாக வந்தால் மட்டும் மறுபடி படியுங்கள். ஒரு பொறி: கடைசி டேட்டாவும் இணைப்பை மூடும் செய்தியும் சேர்ந்து வந்தால், மூடியது தெரியாமலே போகும். ஈபோல்-ஆர்டிஹப் (எதிர்முனை மூடியது) நிகழ்வையும் கேட்டு வைத்தால் தப்பிக்கலாம். யுடிபிக்கு இந்தக் குறுக்குவழி கிடையாது. அங்கே ரெக்வ்எம்எம்எஸ்ஜி மூலம் ஒரே காலில் பல பாக்கெட்டை எடுங்கள்.

புதிய இணைப்புகள் அதிகம் வந்துபோகும் சர்வரில் அக்செப்ட்டுக்குப் பின்னால் கொடிகளை மாற்றும் எஃப்சிஎன்டிஎல் கால்களின் வரிசை நிற்கும். கொடியைப் படி, நான்-பிளாக்கிங் சேர், மறுபடி படி, க்ளோஸ்-ஆன்-எக்ஸெக் சேர் என்று இணைப்புக்கு நான்கு. லினக்ஸில் புதிய சாக்கெட், கேட்கும் சாக்கெட்டின் நான்-பிளாக்கிங் கொடியை எடுத்துக்கொள்வதில்லை என்பதால் இது தேவைப்படுகிறது. 2.6.28 முதல் உள்ள அக்செப்ட்4 இரண்டு கொடிகளையும் ஒரே காலில் போட்டுவிடும்.

ஒன்ஷாட் முறையில் (ஒரு நிகழ்வு தந்ததும் கண்காணிப்பு அணையும் முறை) ஒவ்வொரு நிகழ்வுக்குப் பின்னும் சிடிஎல் மூலம் மறுபடி இயக்க வேண்டும். பல த்ரெட்கள் ஒரே ஈபோலைப் பகிரும்போது அதற்கு அர்த்தம் உண்டு. த்ரெட்டுக்கு ஒரு ஈபோல் வைத்திருந்தால் அது வெறும் தண்டச் செலவு.

இதெல்லாம் ஏன் 2018க்குப் பிறகு கூடுதலாக உறைக்கிறது என்றால், மெல்ட்டவுன் ஓட்டை வெளியான பின் பல இன்டெல் சிபியுக்களில் ஒவ்வொரு சிஸ்டம் காலுக்கும் பக்க அட்டவணையை மாற்ற வேண்டியதாகிவிட்டது. சிஸ் அடைவில் சிபியுவுக்குக் கீழே வல்னரபிலிட்டீஸ் என்ற இடத்தில் மெல்ட்டவுன் கோப்பைப் படித்தால் உங்கள் இயந்திரம் அந்த விலையைக் கொடுக்கிறதா என்று தெரியும். பிடிஐ என்று இருந்தால் கொடுக்கிறது. அணைத்துவிடலாமே என்று யோசிக்காதீர்கள், கால்களைக் குறையுங்கள்.

இவ்வளவும் செய்தும் த்ரெட் வெர்ஷனே வேகம் என்றால் ஆச்சரியமில்லை. இருநூறு முந்நூறு இணைப்புகள், எல்லாமே எப்போதும் சுறுசுறுப்பு என்ற நிலையில் த்ரெட்டுக்கு ஒரு இணைப்பு, பிளாக்கிங் ரீட், பிளாக்கிங் ரைட் என்பதே எளிது, வேகமும் கூட. த்ரெட் அடுக்கு 8 எம்பி என்று பயமுறுத்துவார்கள். அது முகவரி வெளிக் கணக்கு, தொட்ட பக்கங்களுக்கு மட்டும்தான் நிஜ நினைவகம் போகும். ஈபோல் ஜெயிப்பது, இணைப்புகளில் பெரும்பகுதி தூங்கிக்கொண்டிருக்கும் சர்வரில்.

அந்தத் தூங்கும் இணைப்புகள் கூடக் கூட சிபியுவும் ஏறினால், ஈபோல் என்று நினைத்துக்கொண்டு ஏதோ ஒரு நூலகம் அடியில் 'போல்' என்ற பழைய காலை அழைக்கிறது. 10,000 எஃப்.டி. என்றால் ஒவ்வொரு அழைப்புக்கும் 80,000 பைட் பட்டியலை கர்னல் நகலெடுத்து முழுதும் நடந்து பார்க்கும். இன்னொரு பழைய காலான செலக்ட் என்றால் 1024ஐத் தாண்டவே முடியாது.

"சிபியு சும்மாதான் இருக்கிறது, ஆனால் ஒவ்வொரு பதிலுக்கும் 40 மில்லி விநாடி"

40 என்ற எண்ணைப் பார்த்ததும் ஈபோலை விட்டுவிடுங்கள். பதிலின் தலைப்பை ஒரு ரைட், உடலை ஒரு ரைட் என்று பிரித்து அனுப்புகிறீர்கள். நேகிள் முறை இரண்டாவது சிறு துண்டை, முதல் துண்டுக்கு ஒப்புகை வரும்வரை பிடித்து வைக்கும். எதிர்முனையோ ஒப்புகையைத் தாமதப்படுத்தி வைத்திருக்கும். லினக்ஸில் அதன் குறைந்தபட்சத் தாமதம் 40 மில்லி விநாடி. ரைட்வி மூலம் இரண்டையும் ஒரே காலில் அனுப்புங்கள். நேகிளை அணைக்கும் டிசிபி நோடிலேயை மட்டும் போட்டாலும் தாமதம் போகும். ஆனால் சிறு பாக்கெட்டுகளும் கூடுதல் கால்களும் அப்படியே இருக்கும். இரண்டையும் செய்வதே சரி.

"அவ்வப்போது எல்லா இணைப்பும் ஒரே நேரத்தில் உறைந்து போகிறது"

ஒரு வாடிக்கையாளர் மட்டும் தவித்தால் அது அவருடைய நெட்வொர்க். எல்லோரும் சேர்ந்து தவித்தால் ஈவன்ட் லூப் எங்கோ பிளாக் ஆகிறது. நான்-பிளாக்கிங் கொடி சாதாரண வட்டுக் கோப்புக்கு எந்த விளைவும் தராது என்பது பலரைக் கவிழ்க்கும் இடம். கொடியைப் போட்டால் பிழையும் வராது, பலனும் வராது. 'போல்' கால் அதை எப்போதும் தயார் என்றே சொல்லும். ஈபோல் கொஞ்சம் நேர்மை, சேர்க்கப் போனால் ஈபெர்ம் தந்து மறுத்துவிடும். பேஜ் கேஷில் (கர்னல் நினைவகத்தில் வைத்திருக்கும் கோப்பு நகல்) இல்லாத கோப்பை ரீட் செய்தால் வட்டு பதில் தரும்வரை லூப் நிற்கும்.

கண்டுபிடிக்க: பெர்ஃப் ட்ரேஸை --டியூரேஷன் 10 என்று ஓட்டினால் 10 மில்லி விநாடிக்கு மேல் எடுத்த கால்கள் மட்டும் வரும். ஈபோல் வெயிட்டைக் கணக்கில் எடுக்காதீர்கள், அது தூங்க வேண்டியதுதான். மற்ற எது வந்தாலும் அதுவே குற்றவாளி.

ரீட் அல்லது ஓபன் என்றால் வட்டு. 53ஆம் போர்ட்டுக்கு ஒரு சாக்கெட் திறந்து, 5000 என்ற நேர வரம்போடு 'போல்' கால் என்றால், ஜிலிப்சியின் (லினக்ஸின் சி நூலகம்) பெயர் தேடல்: கெட்-அட்ர்-இன்ஃபோ டிஎன்எஸ் சர்வருக்காக 5 விநாடிவரை நிற்கும், இயல்பில் இரண்டு முயற்சி. ரைட் என்றால் அது எங்கே எழுதுகிறது என்று பாருங்கள். எஃப்.டி. 2 (பிழை வெளியீடு) என்றால் பெரும்பாலும் லாக்: மறுமுனையில் லாக் சேகரிப்பான் மெதுவாகி, பைப்பின் 64 கேபி நிரம்பியிருக்கும். லாக் கோப்புக்கே நேரடியாக எழுதினாலும், எழுதப்படாத பக்கங்கள் டர்ட்டி ரேஷியோவை நெருங்கினால் கர்னல் எழுதுபவரைப் பிடித்து நிறுத்தும். எந்தக் காலும் வரவில்லை, ஆனாலும் உறைகிறது என்றால், எம்மேப் செய்த (கோப்பை நினைவகமாக இணைத்த) பகுதியில் பக்கத் தவறு. அது சிஸ்டம் காலே அல்ல என்பதால் ட்ரேஸில் தெரியாது. பிடிஸ்டாட்டை -ஆர் போட்டுப் பார்த்தால் மேஜர் ஃபால்ட் பத்தி ஏறியிருக்கும்.

இவற்றுக்கெல்லாம் மருந்து த்ரெட் தொகுதி. எஞ்சின்எக்ஸில் 1.7.11 முதல் ஏஐஓ த்ரெட்ஸ் இருக்கிறது. நோடில் லிப்யுவி ஏற்கெனவே ஒரு தொகுதி வைத்திருக்கிறது. ஆனால் அதில் இயல்பாக நான்கே த்ரெட்கள், கோப்பு வேலையும் பெயர் தேடலும் கடவுச்சொல் ஹாஷும் அந்த நான்குக்குத்தான் அடித்துக்கொள்ளும். டிஎன்எஸ் படுத்தால் கோப்பு படிப்பதும் சேர்ந்து படுப்பது இதனால்தான். யுவி த்ரெட்பூல் சைஸ் சூழல் மாறியை உயர்த்துங்கள்.

எல்லாப் படிப்பையும் த்ரெட்டுக்குத் தள்ளுவதும் வீண். பெரும்பாலான கோப்புகள் பேஜ் கேஷில்தான் இருக்கும். 4.14 முதல் ப்ரீட்வி2 காலை நோவெயிட் கொடியோடு அழைக்கலாம்: கேஷில் இருந்தால் உடனே தரும், இல்லாவிட்டால் ஈஅகெய்ன். ஈஅகெய்ன் வந்ததை மட்டும் த்ரெட்டுக்கு அனுப்புங்கள்.

"பெரிய கோப்பு இறக்கும்போது சிபியு எகிறுகிறது"

50 எம்பி பதிலை ஒரே பஃபரில் வைத்து ரைட் செய்தால், கர்னல் அனுப்பு பஃபரில் கொள்ளும் அளவை மட்டும் எடுத்துக்கொண்டு மிச்சத்தை உங்கள் தலையில் விடும். அடுத்த ஈபோல்-அவுட், அனுப்பு பஃபரில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு காலியானதும் வரும். இதில் தவறில்லை. தவறு நடப்பது, அனுப்பிய பகுதியை நீக்கிவிட்டு மிச்சத்தைப் பஃபரின் தொடக்கத்துக்கு மெம்மூவ் (நினைவக நகர்த்தல்) செய்யும் நிரலில். தடவைக்கு 64 கேபி போகிறது என்றால் 50 எம்பிக்கு 800 தடவை. ஒவ்வொரு தடவையும் சராசரி 25 எம்பி நகர்த்தல். மொத்தம் 20 ஜிபி நகலெடுப்பு, ஒரே ஒரு இறக்கத்துக்கு. பெர்ஃப் டாப்பில் மெம்மூவ் முதலிடத்தில் நிற்கும். தொடக்க இடத்தைக் குறிக்கும் ஒரு எண்ணை மட்டும் முன்னே நகர்த்துங்கள். கோப்பு என்றால், கர்னலே அதை நேரே சாக்கெட்டுக்கு அனுப்பும் சென்ட்ஃபைல். அதுவும் வட்டுக்குக் காத்திருக்கும் என்பதை மறக்க வேண்டாம்.

எதிர்த்திசையிலும் ஒன்று உண்டு. வேகமான ஒருவர் கொட்டிக்கொண்டே இருந்தால், "ஈஅகெய்ன் வரும்வரை படி" என்ற லூப் முடியவே முடியாது. மற்ற இணைப்புகள் பட்டினி. ஒரு சுற்றில் ஒரு இணைப்புக்கு இவ்வளவுதான் என்று வரம்பு வையுங்கள், 256 கேபி போல. எட்ஜ் ட்ரிகர் என்றால் பாதியில் விட்டவரை உங்கள் சொந்தப் பட்டியலில் குறித்து வைக்க வேண்டும். கர்னல் மறுபடி நினைவூட்டாது. குறிக்காமல் விட்டால் அந்த இணைப்பு நிரந்தரமாகத் தூங்கிவிடும்.

"எட்டு வொர்க்கர் இருக்கிறது, இரண்டுதான் வேலை செய்கிறது"

எல்லா வொர்க்கரும் ஒரே கேட்கும் சாக்கெட்டைத் தத்தம் ஈபோலில் வைத்திருந்தால், ஒரு இணைப்புக்கு எட்டும் விழிக்கும். ஒன்று அக்செப்ட் செய்யும், ஏழு ஈஅகெய்ன் வாங்கித் திரும்பும். அக்செப்ட் வரியில் பிழை எண்ணிக்கை, வெற்றியைப் போல் பல மடங்கு என்றால் இதுவே. கர்னல் 4.5 முதல் உள்ள ஈபோல்-எக்ஸ்க்ளூசிவ் கூட்டத்தைக் குறைக்கும். ஆனால் விழிக்கும் வரிசையில் ஒரே வொர்க்கருக்குத் திரும்பத் திரும்ப வாய்ப்புப் போகும். தலைப்பில் உள்ள அறிகுறி அப்போதுதான் வரும்.

3.9 முதல் உள்ள ரீயூஸ்போர்ட், வொர்க்கருக்கு ஒரு சாக்கெட் தந்து ஹாஷ் மூலம் சமமாகப் பிரிக்கும். சமம் என்பது எண்ணிக்கையில்தான். ஒரு வொர்க்கர் ஏதோ கனமான வேலையில் மாட்டினால், அதன் வரிசையில் விழுந்த இணைப்புகள் மற்ற ஏழும் சும்மா இருக்க அங்கேயே நிற்கும். எஸ்எஸ் -எல்டிஎன் கட்டளையில் ஒரு சாக்கெட்டின் ரெக்வ்-க்யூ (ஏற்கப்படக் காத்திருக்கும் இணைப்புகள்) மட்டும் ஏறி நின்றால் இது. கோரிக்கைகள் எல்லாம் ஏறக்குறைய ஒரே எடை என்றால் ரீயூஸ்போர்ட் போடுங்கள். எடை ஏறுமாறு என்றால் எக்ஸ்க்ளூசிவே மேல்.

"ஐஓ யூரிங்குக்கு மாறியும் வேகம் கூடவில்லை"

கர்னல் 5.1இல் வந்த ஐஓ யூரிங்கின் (வேலைகளை வரிசையில் போட்டுக் கர்னலிடம் ஒப்படைக்கும் வசதி) லாபம், பல வேலைகளை ஒரே என்டர் காலில் ஒப்படைப்பதில் இருக்கிறது. ஒவ்வொரு வேலைக்கும் ஒரு என்டர் என்று எழுதினால் ரீட்டுக்குப் பதில் என்டர், அவ்வளவே. லூப்பின் ஒரு சுற்றில் சேர்ந்ததை எல்லாம் கடைசியில் ஒரே தடவையாகக் கொடுங்கள்.

பழைய நிரலிலிருந்து நான்-பிளாக்கிங் கொடியை எடுக்க மறந்தால் இன்னொரு வேடிக்கை. அக்செப்ட் போன்ற வேலைகள் உள்ளே காத்திருக்காமல் ஈஅகெய்னோடு உடனே முடிந்துவிடும், நிரல் மறுபடி ஒப்படைக்கும், மறுபடி ஈஅகெய்ன். இங்கே சாக்கெட் பிளாக்கிங்காக இருப்பதே சரி.

டாப்பை -எச் போட்டு ஓட்டுங்கள். ஐஓயூ-வொர்க் என்று தொடங்கும் த்ரெட்கள் கூட்டமாக நின்றால், உங்கள் வேலைகள் கர்னலின் த்ரெட் தொகுதிக்குச் சரிந்துவிட்டன. ஐஓயூ-எஸ்க்யூபி ஒரு கோரை விழுங்கினால், எஸ்க்யூபோல் முறையை இயக்கியிருக்கிறீர்கள்: அந்த த்ரெட் வேலை இல்லாமலும் ஒரு விநாடி சுற்றிப் பார்த்துத்தான் தூங்கப் போகும். கோர் மிச்சம் இல்லாத மெய்நிகர் இயந்திரத்தில் அதை அணையுங்கள்.

"என் நிரல் சரி, பக்கத்து நிரல் உடைகிறது"

உங்கள் நிரல் ஓடும்போதோ முடிந்த பிறகோ, அதே டெர்மினலில் வேறொரு கட்டளை "வளம் தற்காலிகமாகக் கிடைக்கவில்லை" என்ற பிழையோடு பாதி வெளியீட்டில் நின்றால், அது ஈஅகெய்ன் பற்றித் தெரியாத ஏதோ அப்பாவி நிரல். நான்-பிளாக்கிங் கொடி எஃப்.டி.யில் இல்லை, திறந்த கோப்பு விவரத்தில் இருக்கிறது. டெர்மினலில் 0, 1, 2 மூன்றும் பெரும்பாலும் ஒரே விவரத்தைப் பகிர்வதால், உள்ளீட்டை மட்டும் மாற்றியதாக நினைத்து வெளியீட்டையும் மாற்றிவிடுகிறீர்கள். அதைப் பகிரும் மற்ற ப்ராசஸ்களுக்கும் சேர்த்து. வெளியேறும்போது கொடியைப் பழையபடி வைத்தாலும் போதாது, சிக்னலில் செத்தால் அந்த வரி ஓடாது. டெவ்-டிடிஒய்யைத் தனியாகத் திறந்து, புதிதாகக் கிடைக்கும் விவரத்தில் மட்டும் கொடியைப் போடுங்கள். உள்ளீடு பைப் என்றால் ப்ராக்-செல்ஃப்-எஃப்டி வழியாக 0ஐ மறுபடி திறந்தால் அதுவும் புது விவரமே. சாக்கெட்டுக்கு இந்த வழி இல்லை. அங்கே ரெக்வ் அழைக்கும்போது டோன்ட்வெயிட் கொடியைத் தடவைக்குத் தடவை கொடுத்துக்கொள்ளுங்கள்.